டார்லீன் கொடுத்த மான் தொடை

நவம்பர் 8, வெள்ளி

இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் எழுத உட்கார முடிந்தது.

வந்திருக்க வேண்டியவள் கோமதி. மகளின் பேறுகாலத்துக்குத் தாய் போவதுதானே முறை. பெட்டியெல்லாம் கட்டி வைத்த பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு தென்காசியில் அவள் தங்கை வீட்டில் கிடக்கிறாள். அவள் கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கனடா வந்து சேர்ந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியே காலத்தைத் தள்ளிய விளையாட்டு வாத்தியாருக்குப் பேறுகால மருந்து கிண்டத் தெரியுமா? போனில் அவள் சொல்லச் சொல்லக் கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது.

பேத்தி நன்றாக இருக்கிறாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். குழலிக்குக் களைப்பு. பகலிலும் படுத்தே இருக்கிறாள்.

மாப்பிள்ளை கதிரேசன் நாளைக் காலையில் வேலைக்குப் போகிறார். வடக்கே எங்கோ சுரங்கம். சின்ன விமானத்தில் கூட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. பால்பொடி கலக்கும் அளவு, ஹீட்டர் திருகும் விதம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். தலையாட்டினேன். பாதிதான் மனதில் நின்றது.

நவம்பர் 10, ஞாயிறு

பனி. பாட்டில் கழுவுவது, கொதிக்க வைப்பது, ஆற வைப்பது, மறுபடி கழுவுவது. பாப்பாவுக்கு வயிற்று வலியோ என்னவோ, தோளில் போட்டு நடந்தால்தான் அழுகை நிற்கிறது. கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கூடம். மைதானத்தில் பையன்களை ஓடவிட்டதற்கெல்லாம் சேர்த்து இப்போது என்னை ஓடவிடுகிறாள்.

மதியம் மிளகு ரசமும் பருப்புத் துவையலும் வைத்தேன். குழலி தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பசிக்கலப்பா."

"ரெண்டு வாய் தின்னும்மா. பிள்ளைக்குப் பால் குடுக்கணும்லா."

"அதான் பாட்டில்ல குடுக்கீங்கள்லா."

அவள் சொன்னதும் சரிதான்.

நவம்பர் 12, செவ்வாய்

குழலி சாப்பிடவில்லை. பனி விடவில்லை.

நவம்பர் 13, புதன்

பக்கத்து வீட்டு டார்லீன் வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நவம்பர் மாதம் லீவு போட்டுக் காட்டுக்குப் போய் மான் சுடுவாளாம். இங்கே அதற்கு லைசென்ஸ் கொடுக்கிறார்கள். ஆளைப் பார்த்தால் துப்பாக்கி தூக்குகிறவள் மாதிரியே இல்லை. மூக்குக்கண்ணாடியும் பூப்போட்ட கம்பளித் தொப்பியுமாக இருக்கிறாள்.

கல் மாதிரி உறைந்த ஒரு மான் தொடைக் கறியை வெள்ளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு துண்டும் அவளிடம் இருக்கிறதாம், பிறகு தருகிறேன் என்றாள். ரோஸ்ட் போடுங்கள் என்றாள். எனக்கு ரோஸ்ட் என்றால் நெய் ரோஸ்ட்தான் தெரியும். என் முழியைப் பார்த்துவிட்டு அவளே அலமாரியைத் திறந்து, அடியில் கிடந்த ஒரு மின்சாரச் சட்டியை எடுத்து வைத்தாள். ஸ்லோ குக்கர். உள்ளே பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. காலையில் போட்டால் சாயங்காலம்தான் வேகுமாம். ஆட்டுக்கறி மாதிரி கொழுப்பு கிடையாது, அவசரப்பட்டால் செருப்புத் தோலாகிவிடும், லோ என்று போட்டிருக்கும் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாள்.

போகும்போது குழலியின் அறைப்பக்கம் பார்த்தாள். குழந்தையை அவள் தூக்குகிறாளா என்று கேட்டாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத்தான் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்று சைகை காட்டினேன். கறியைப் பிரீசரில் வைத்தேன்.

நவம்பர் 14, வியாழன்

கோமதி போன் செய்தாள். மான் கறி விஷயத்தைச் சொன்னேன்.

"மான் கறியா? ஏங்க, போலீசு பிடிச்சுட்டுப் போயிரப் போறான்."

"இங்க அதெல்லாம் சட்டப்படிதானாம்."

"என்ன சட்டமோ. பேறு பெத்த பிள்ளைக்கு அது சூடா குளிர்ச்சியான்னு யாரு கண்டா. சரி, அவ எங்க? போனக் குடுங்க."

"தூங்குதா."

"நேத்தும் தூங்குதான்னீங்க."

"களைப்புல்லா."

"பாப்பா யார்ட்ட இருக்கு?"

"என் தோள்லதான்."

அப்படியா என்றாள். பிறகு கறிக்கு மிளகு கூடப் போடுங்கள், சுக்கு தட்டிப் போடுங்கள் என்றாள்.

அடுப்படி அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். கத்திகளை எல்லாம் துடைத்து மேல்தட்டில், பெரிய டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். கீழே இடம் போதவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

இன்று குழலியை எழுப்பி நடக்கச் சொன்னேன். எழுந்து கையை வீசி நடந்தால் உடம்பும் மனதும் தெளியும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் இவள் சுலபத்தில் சொன்ன பேச்சு கேட்கமாட்டாள். ஓடு என்றால் ஏன் என்பாள். மூச்சிரைக்க வாதாடுவாள். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்தாள். கூடத்தில் நடந்தாள். போதும் என்று நான் சொல்கிறவரை நடந்துகொண்டே இருந்தாள். நானும் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

கறியைப் பிரீசரிலிருந்து எடுத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். மெதுவாகத்தான் உருக வேண்டுமாம்.

நவம்பர் 16, சனி

பாப்பாவுக்கு இன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கை வழுக்குகிறது. குழலி கதவருகே நின்று பார்த்தாள். நன்றாகத்தான் பேசினாள்.

"நல்லாக் குளிப்பாட்டுதீங்கப்பா."

"ஒன்ன ஒரு நாளும் குளிப்பாட்டுனதில்ல. அதுக்கும் சேத்து."

"ஊருக்குப் போகும்போது இவளையும் கொண்டு போயிருங்க. அம்மாவும் நீங்களும் நல்லா வளத்துருவீங்க."

"நீயும் வா. எல்லாரும் சேந்து போவோம்."

அதற்கு அவள் சிரித்தாள். சிரித்தது நல்ல அறிகுறிதான்.

பிறகு குளியலறையில் இருந்த மாத்திரைப் புட்டிகளை எடுத்து என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஈரத்தில் கெட்டுப்போகும்.

மாப்பிள்ளை போன் செய்தார். எல்லாரும் நலம் என்று சொன்னேன். அவர் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

கறி உருகிவிட்டது. ஆட்டுக்கறியைவிடக் கருஞ்சிவப்பு. மேலே வெள்ளி நிறப் பட்டுத்துணி போர்த்தியது மாதிரி ஒரு சவ்வு. அதையும் கொழுப்பையும் ஒட்ட அரிந்து எடுக்காவிட்டால் வாடை அடிக்கும் என்று டார்லீன் சொல்லியிருந்தாள். மேல்தட்டிலிருந்து கத்தியை எடுத்து, குழலி தூங்குகிற நேரமாகப் பார்த்து அரிந்தேன். ஒரு தோளில் பாப்பா, ஒரு கையில் கத்தி. பிறகு அது சரியில்லை என்று பாப்பாவைத் தொட்டிலில் போட்டேன். அழட்டும் என்று விட்டேன். அழுதாள். நானும் சவ்வை இழுத்துக்கொண்டே இருந்தேன். கத்தி இரண்டு தரம் தவறியது. சரியான தூக்கம் இல்லை, வேறொன்றும் இல்லை.

தயிர், உப்பு, மஞ்சள்தூள் தடவி மூடி வைத்திருக்கிறேன். நாளைக்குச் சட்டியில் போட வேண்டும். காரசாரமாக ஒரு வாய் உள்ளே போனால் அவளுக்குத் தெம்பு வந்துவிடும்.

நவம்பர் 18, திங்கள்

எழுத முடியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாப்பா மடியில் தூங்குகிறாள். நேற்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். இத்தனை நாள் அப்படி எழுதவில்லை.

காலையில் எழுந்ததும் இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுக் கறியை எல்லாப் பக்கமும் சிவக்க வதக்கினேன். பீங்கான் பாத்திரத்தின் அடியில் வெங்காயமும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பரப்பி அதன்மேல் கறியை வைத்தேன். மிளகு, சீரகம், மல்லி வறுத்துப் பொடித்தது. பூண்டு, தட்டின சுக்கு, கோமதி கட்டி அனுப்பிய காய்ந்த கறிவேப்பிலை. மேலே ஒரு கட்டி வெண்ணெய். மூடி, லோவில் திருப்பினேன்.

பதினோரு மணிக்கெல்லாம் வீடு மணக்கத் தொடங்கியது. குழலி அறையிலிருந்து வந்து அந்தச் சட்டி பக்கத்தில் நின்றாள். என்னது என்று கேட்டாள். சொன்னேன். எப்ப வேகும் என்றாள். சாயங்காலம் என்றேன். "அவ்வளவு நேரமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சந்தோஷம். கேள்வி கேட்டாளே என்று.

பாப்பா தூங்கினாள். குளித்துவிட்டு வரலாம் என்று போனேன். வெந்நீர் தோளில் விழுந்ததும் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். வெளியே வந்தபோது வீட்டில் குளிர்காற்று. பின்கதவு திறந்து கிடந்தது. குழலியின் கோட்டு ஆணியில் தொங்கியது. அவள் பூட்ஸும் அங்கேயே இருந்தது.

பனியில் தடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரியைப் பார்த்துப் போயிருந்தது. வீட்டில் போட்டிருக்கிற செருப்பின் தடம்.

பாப்பாவை விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை. அவளை வாரிச் சட்டைக்குள் போட்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். கரையோரம் மட்டும்தான் உறைந்திருந்தது. நடு ஏரியில் இன்னும் கறுப்புத் தண்ணீர். குழலி பனிக்கட்டியின்மேல், கரையைவிட்டு நல்ல தூரம் உள்ளே நின்றாள். நைட்டியோடு. முதுகு எங்கள் பக்கம்.

நான் கரையில் நின்றுவிட்டேன். என் எடைக்கு அந்தக் கட்டி தாங்குமா என்று தெரியவில்லை. மார்பில் பிள்ளை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பையனை ஒரே குரலில் திருப்புகிறவன் நான். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அப்புறம் வந்தது இதுதான்.

"ஏட்டி குழலி. கறி வேகுது. நீ வந்து பாரு. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் திரும்பவில்லை.

"எனக்கு முடியலம்மா. நான் ஒத்தையில என்ன செய்வேன். எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அழுதேன். பாப்பாவும் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்போது குழலி தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் கோட்டுக்கு வெளியே தெரிந்த தலையைப் பார்த்தாள்.

"தொப்பி போடலியா அவளுக்கு?"

"மறந்துட்டேன்."

"இந்தக் குளிர்ல."

"மறந்துட்டேன்மா. நீ வந்து போட்டு விடு."

கொஞ்ச நேரம் நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை. பிறகு வந்தாள், ஒவ்வொரு அடியாக. காலுக்குக் கீழே கட்டி முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கரைக்கு வந்ததும் கையைப் பிடித்தேன். விறைத்துப் போயிருந்தது. என் பிடியில் அவள் மணிக்கட்டு கன்றிச் சிவந்திருப்பதை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

"எனக்குச் சரியில்லப்பா" என்றாள். "பிள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல. யாரோட பிள்ளையோ மாதிரி இருக்கு. நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லதுன்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு."

"என்ட்ட சொல்லிருக்கலாம்லா."

"நீங்க கேக்கலியேப்பா."

டார்லீன் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். குழலியின் காலைத் தன் தொப்பியால் சுற்றினாள். நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். வழி முழுக்கப் பின்சீட்டில் குழலியின் கையை நான் விடவில்லை.

டாக்டர் ஒரு இளம்பெண். போனில் ஒரு தமிழாளைப் பிடித்து, அவர் மூலம் என்னிடம் பேசினாள். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனநோய், கடுமையாக வந்திருக்கிறது, குணமாகும், ஆனால் நாளாகும் என்றாள். வீட்டில் வித்தியாசமாக ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டாள். கத்திகளை ஒளித்து வைத்ததைச் சொன்னேன். மாத்திரைகளைப் பூட்டி வைத்ததைச் சொன்னேன். போனில் இருந்த ஆள் அதை மொழிபெயர்க்கும் முன் கொஞ்சம் தயங்கினார்.

நவம்பர் 20, புதன்

மாப்பிள்ளை சுரங்கத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழலியோடு அவர் இருக்க, பாப்பாவோடு நான் டார்லீன் காரில் வீட்டுக்கு வந்தேன்.

கோமதிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "என்னைக்கு வீடியோ போட்டாலும் பிள்ள ஒங்க தோள்லதான் இருந்துச்சு. ஒரு நாளும் அவ மடியில இல்ல."

"பெறகு ஏன் கேக்கல நீ?"

"கேட்டா நீங்க ஆமா, சரியில்லன்னு சொல்லிருவீங்களோன்னு பயம். இங்கன கட்டில்ல கெடந்துட்டு நான் என்ன செய்ய?"

பாப்பா அழுததும் போனை வைத்தேன்.

மான் கறியை டார்லீன் அன்று சாயங்காலமே திரும்பி வந்து சட்டியை அணைத்து பிரிட்ஜில் வைத்திருக்கிறாள்.

நவம்பர் 21, வியாழன்

மாப்பிள்ளை உடுப்பு எடுக்க வந்தார். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கறியைச் சூடாக்கி வைத்தேன். கரண்டி பட்டதுமே நார் நாராகப் பிரிந்தது. சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். காட்டு வாசனை லேசாக இருக்கிறது, மிளகில் அடங்கியிருக்கிறது. உப்பு கொஞ்சம் தூக்கல். மறுசோறு போட்டுக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே அழ ஆரம்பித்தார்.

"போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொன்னா மாமா. நீங்களும் நல்லாருக்குன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"நானும் நம்பிட்டேன். நம்புனா வேலைக்கு நிம்மதியாப் போலாம்லா."

அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன். எனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பசி இருந்தது. அதற்காக வெட்கப்படவும் தெம்பில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

குழலியைப் பார்த்தோம். அதிகம் பேசவில்லை. மருந்து வாயைக் காய வைக்கிறதாம். பாப்பாவைப் பக்கத்தில் படுக்க வைத்தோம். ஒரு விரலால் அதன் உள்ளங்கையைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். வற்புறுத்த வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

பாட்டில் கழுவினேன். பனி தள்ளினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 12, வியாழன்

குழலி வீட்டுக்கு வந்துவிட்டாள். நர்ஸ் வாரா வாரம் வந்து பார்ப்பாள். பழைய குழலி வந்துவிட்டாள் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. சில காலை எழுந்திருக்கிறாள், சில காலை எழுந்திருப்பதில்லை. எப்படி இருக்கிறது என்று நான் தினமும் கேட்கிறேன். சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல்கிறாள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

லீவு முடிந்து மாப்பிள்ளை நேற்று வேலைக்குப் போனார். ஒரு வாரம் மட்டும் போதும் என்று கம்பெனியில் சம்மதித்திருக்கிறார்கள். வீட்டில் மறுபடி நாங்கள் மூன்று பேர்.

டார்லீன் அந்த இன்னொரு துண்டையும் கொடுத்துவிட்டாள். காலையில் சட்டியில் போட்டேன். உப்பைக் குறைத்தேன். வேலை முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், பாப்பா மடியில் இருக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. தோளில் கை பட்டது. குழலி நின்றாள்.

"பிள்ளையத் தாங்கப்பா. நீங்க போய்ப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன். அவள் அதைப் பார்த்தாள். இல்லை, எனக்குத் தூக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று தோன்றியது.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான்ப்பா. ஆனா இன்னைக்குப் பரவால்ல. மண்டைக்குள்ள சத்தம் இல்ல. வந்தா ஒங்கள எழுப்புதேன்."

"எழுப்புவியா?"

"கண்டிப்பா எழுப்புதேன்."

பிள்ளையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட விதம் சரியாக இல்லை. கழுத்துக்குக் கீழே கையைச் சரிப்படுத்தினேன். அறைக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்தபடியே படுத்தேன். கூடத்துச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். பாப்பா சிணுங்கினாள். நாற்காலி நகர்ந்தது. குழாயில் தண்ணீர் விழுந்தது. குழலி ஏதோ பேசினாள், பாட்டு இல்லை, சும்மா பேச்சு. என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது போகலாம், இப்போது போகலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

"அப்பா. எந்திரிங்க."

பதறி எழுந்தேன். அறை இருட்டிவிட்டிருந்தது. கால் எங்கே, தரை எங்கே என்று தெரியவில்லை. கதவருகே குழலி, தோளில் பாப்பா.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. கறி வெந்துட்டு. சாப்பிட வாங்க."